களிப்பாறையில் ஓர் இலை

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைக் குழித்தறிகளின் சத்தத்தை விட்டு வடகிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். கார் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்துக் களிப்பாறையில் டிலோபில்லம் என்ற செடியின் இலைப்பதிவுகள் உண்டு.

நடுநரம்பின் இருபுறமும் சீப்புப் பல்போல நெருங்கிய சிற்றிலைகள். என்ன அழகு! அப்படியே சேலைக் கரையில் ஏற்றலாம்.

இலை உதிர்ந்தது சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அண்டார்டிகாவை விட்டு இந்தியா விலகிவந்த காலம். இதே பேரினச் செடியின் பதிவு, பனி சூழ்ந்த அண்டார்டிகாவின் ஹோப் விரிகுடாவிலும் கிடைத்திருக்கிறது.

பயணம் ஓயவில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. பாட்டி 60 ஆண்டுகளுக்கு முன் கட்டிய கூறைப்புடவை பெட்டியில் மடிந்திருக்க, காஞ்சிபுரமே 3 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது.