ஆணையும் ஆராய்வும்: வழக்குரை காட்டும் தலைமை

தலைமை என்பது இக்காலத்தே கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. அலுவலகம், பாடசாலை, மருத்துவமனை, தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம் ஆகிய எவ்விடத்தும் பலரை வைத்து வேலை வாங்கும் பொறுப்புடையோர் தலைமைத் திறன்களைப் பயிலல் வேண்டுமெனக் கூறப்படுகின்றது. அதற்கெனப் பயிற்சி வகுப்புக்களும் சான்றிதழ்களும் உள. அவ்வகுப்புக்களிலே பெரிதும் வற்புறுத்தப்படுவன விரைந்து முடிவெடுத்தல், உறுதிபடப் பேசுதல், பிறரைத் தன்பால் ஈர்த்தல் என்பனவாம். இவை வேண்டற்பாலனவே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன் நிற்கவேண்டிய திறன் ஒன்றுண்டு. ஆணையிடுமுன் ஆராய்தலும், ஆணையிட்ட பின்னர் அதனை நிறைவேற்றுவோரின் ஐயம் தன்னிடம் மீண்டு வருதற்கு வழி வைத்தலுமே அத்திறன். தமிழிலக்கியத்துள் இதனை மிகத் தெளிவாகக் காட்டும் பகுதி சிலப்பதிகாரத்திலே பாண்டியன் தீர்ப்பைக் கூறும் பகுதியாகும்.

இப்பகுதி மட்டக்களப்பு மக்களுக்கு ஏட்டளவில் நின்றுவிட்ட ஒன்றன்று. கடலுக்கும் வாவிக்கும் இடையே எழுவான்கரையில் அமைந்த ஆரையம்பதி முதலிய ஊர்களிலே, கண்ணகை அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கில் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்பெறுவது மரபு. கோவலன் கதையை முதலிலிருந்து கூறிக் குளிர்ச்சி பாடி நிறைவுறுவது அந்நூல். அதன் பெயர் சிந்தித்தற்குரியது. இளங்கோவடிகள் தம் காப்பியத்துக்குச் சிலம்பின் பெயரை இட்டார். வழக்குரை என்பது அங்கே ஒரு காதையின் பெயர் மாத்திரமே. ஈழத்து வழக்கிலோ அப்பெயர் நூல் முழுமைக்கும் உரியதாயிற்று. கதையின் உயிர்நிலை ஒரு பெண் அரசனிடம் நியாயம் கேட்ட இடமே என்று இந்நாட்டு மக்கள் கொண்டனர் போலும். ஆண்டுதோறும் ஊர் கூடி ஓர் அரசனின் பிழையைக் கேட்பது, அதிகாரத்தின் இயல்பை மறவாதிருத்தற்கு அவர்கள் கண்ட வழியெனின் அது பொருந்தும்.

பாண்டியன் செய்த பிழைதான் யாது? கொடியன் என்றோ பொருளாசை உடையன் என்றோ இளங்கோவடிகள் அவனைக் காட்டவில்லை. அவன் ஆணை பிறந்த சூழலையே நுணுக்கமாகக் காட்டுகின்றார். ஊடிச் சென்ற கோப்பெருந்தேவியைத் தேற்றும் பொருட்டு அரசன் அந்தப்புரம் நோக்கிச் செல்கின்றான். உள்ளம் அங்கே இருக்கின்றது. கால்களும் அத்திசையிலே விரைகின்றன. அவ்வேளையில் அரண்மனைப் பொற்கொல்லன் எதிரே வந்து பணிந்து, தேவியின் சிலம்பைக் களவாடியவன் தன் குடிலில் இருக்கின்றான் என்கின்றான். அரசன் ஊர்காப்பாளரை அழைத்து, சிலம்பு அக்கள்வன் கையில் இருப்பின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு பணிக்கின்றான். இவ்வளவே நிகழ்ந்தது. நின்று கேட்ட நேரம் சில நொடிகளாகவே இருத்தல் வேண்டும்.

இச்சிறு நிகழ்ச்சியுள் மூன்று தவறுகள் அடங்கியுள்ளன. முதலாவது, காலம் பற்றியது. வேறொன்றிலே மனம் தோய்ந்திருக்கும் நேரத்தில் பெருங்கருமம் ஒன்று முடிவு செய்யப்பட்டது. இரண்டாவது, சான்று பற்றியது. செய்தி கொண்டு வந்தவன் ஒருவனே. அவனே சிலம்பைத் திருடியவன். தன் களவை மறைத்தற்குப் பிறனொருவனைக் காட்ட வேண்டிய தேவை அவனுக்கிருந்தது. இச்செய்தியால் இவனுக்கு வரும் ஊதியம் யாது என்னும் வினா அரசன் நெஞ்சில் எழவில்லை. மூன்றாவது, சொல் பற்றியது. கொல்லுதற்காகக் கொணர்க எனச் சொல்லக் கருதிய அரசன், வாய்சோர்ந்து கொன்று கொணர்க எனக் கூறிவிட்டான் என்று உரைவழக்கில் விளக்கம் ஒன்றுண்டு. அவ்விளக்கத்தைக் கொள்ளின், ஓர் உயிரின் நிலை ஒரு வினையெச்சத்திலே தங்கிற்று எனல் வேண்டும்.

இம்மூன்றும் இன்றைய பணியிடத்தில் நாள்தோறும் காணத்தக்கன. கூட்டத்துக்கு விரைந்து செல்லும் மேலதிகாரி படிக்கட்டில் நின்றவாறே ஒருவர் கூறும் முறைப்பாட்டைக் கேட்டு மற்றொருவரின் வேலையை நிறுத்துகின்றார். முறைப்பாடு செய்தவருக்கு அதில் உள்ள நயம் கேட்கப்படுவதில்லை. வாய்ச்சொல்லாக இடப்பட்ட கட்டளை கீழே செல்லச் செல்லக் கடுமை பெறுகின்றது. விரைவைத் தலைமையின் அழகாகக் கொள்ளும் பயிற்சி, இத்தகைய அதிகாரியைக் குற்றவாளியாகக் காணாது திறமையாளராகவே காணும்.

காப்பியத்துள் இதனினும் ஆழமான இடம் அடுத்து வருகின்றது. பொற்கொல்லனுடன் சென்ற காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர்; இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் களவு நூலார் கூறும் எட்டுத் துணைகளை விரித்துரைத்து அவர்கள் ஐயத்தை மூடுகின்றான். அவர்களுள் இளையனொருவன், மழைக்காலத்து இருளிலே தன் வாளைப் பறித்து மறைந்த கள்வன் ஒருவனைப் பற்றிச் சொல்லி, அரசன் தம்மை வருத்துவான் என அஞ்சி, செய்யத்தக்கது யாதெனத் தோழரை வினவுகின்றான். அவ்வினாவுக்கு விடை வருமுன் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இங்கே உற்றுநோக்கத்தக்கது காவலரின் ஐயம். உண்மையை முதலில் உணர்ந்தவர் அரசனல்லர். கடைநிலையில் நின்ற அக்காவலரே. ஆயினும் அவ்வுணர்வு அரண்மனைக்கு மீண்டு செல்ல வழியில்லை. ஐயத்துடன் திரும்பி வந்தால் அரசன் கேட்பான் என்னும் நம்பிக்கை அவர்களுக்கில்லை. வருத்துவான் என்னும் அச்சமே இருந்தது. அறிந்தோர் அஞ்சி நிற்க, அறியாதான் முந்திக்கொண்டான். ஐயுறுவோர் வாயடைத்த இடத்தில் ஐயமில்லாதவன் கையே ஓங்கும் என்பதை இளங்கோவடிகள் விளக்கமின்றி நிகழ்ச்சியாலேயே உணர்த்திவிடுகின்றார்.

இவ்வுண்மையை நவீன உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 ஆம் நாள், கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனெரீஃபின் விமான நிலையத்தில், மூடுபனியிடையே போயிங் 747 விமானங்கள் இரண்டு ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். முறையான அனுமதி பெறாது புறப்பட்ட விமானத்தின் தலைமை விமானி அனுபவத்தால் மிக உயர்ந்தவர். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு நீங்கிவிட்டதா என அவருடனிருந்த பறப்புப் பொறியியலாளர் வினவினார். நீங்கிவிட்டது என அழுத்தமாக விடை வந்தது. மேலும் வினவ ஒருவரும் துணியவில்லை. இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்து 1979 இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் பயிலரங்கொன்றைக் கூட்டியது. அதிலிருந்து வளர்ந்த பயிற்சியிலே, துணைநிலையில் இருப்போர் ஐயத்தைத் தெளிவாகச் சொல்லவும் தலைவர் அதனை நின்று கேட்கவும் பழக்கப்படுகின்றனர். 1999 இல் ஏமி எட்மன்சன் என்னும் அறிஞர், அச்சமின்றிப் பிழையையும் ஐயத்தையும் கூறத்தக்க குழுக்களிலேயே கற்றல் நிகழ்கின்றதென ஆய்வால் காட்டினார். மதுரைக் காவலரிடம் இல்லாதிருந்தது இந்த அச்சமின்மையேயாம்.

இவ்வாறு கூறுவார்க்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். ஊழ்வினை வந்து உருத்துப் பயனூட்டியது என்பதே காப்பியத்தின் கருத்தாக இருக்க, அரசன்மேல் குற்றம் சுமத்துதல் பொருந்துமோ என்பது ஒன்று. ஊழை இளங்கோவடிகள் மறுக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் வினை விளையும் காலம் என்று கூறிய அவரே, அரசன் தேராதவனாயினான் என்றும் உடன் கூறுகின்றார். அரசியலிற் பிழை செய்தவர்க்கு அறமே கூற்றுவனாகும் என்பதை நூற்பொருள் மூன்றனுள் ஒன்றாகவும் வைக்கின்றார். கண்ணகியும் அவையிலே ஊழை நோகாது, ஆராயாத அரசனே என்றுதான் அவனை விளிக்கின்றாள். ஊழ் நிகழ்ச்சிக்குக் காரணமாகலாம், பொறுப்பிலிருந்து விடுதலையாகாது. தவறு நேர்ந்தவிடத்துச் சூழ்நிலையைக் காட்டித் தப்ப முயலும் இன்றைய மேலாளர்க்கும் இவ்விடை பொருந்தும்.

மற்றைத் தடை நடைமுறை பற்றியது. தலைவன் ஒவ்வொன்றையும் தானே ஆராயப் புகின் கருமம் நடவாது. பிறரை நம்பியே ஆகவேண்டும் என்பர். திருவள்ளுவர் இதனை நன்குணர்ந்தவர். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஈரதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறையிலேயே விடையுண்டு. முதலில் ஆளை ஆராய்ந்து தெளிதல். பின்னர் அவனுக்குரிய வினையை அவனிடமே விடுத்தல். ஆராயாது நம்புதலும், நம்பிய பின் ஐயுறுதலும் ஒருங்கே தீராத் துன்பம் தரும் என்பது அவர் துணிபு. ஆதலின் எல்லாவற்றையும் ஐயுறுக என்பது தலைமையாகாது. ஆனால் மீட்டெடுக்கக்கூடிய முடிவுக்கும் மீட்டெடுக்க இயலாத முடிவுக்கும் வேறுபாடுண்டு. ஒருவனுடைய விடுமுறையை மறுத்தல் நாளை திருத்தத்தக்கது. ஒருவனுடைய நற்பெயரை, வாழ்வை, உயிரை அழித்தல் திருத்தவொண்ணாதது. திருத்தவொண்ணாமை மிகும்தோறும் ஆராய்வும் மிகல் வேண்டும். பாண்டியன் பொற்கொல்லனை அணிகலன் செய்தற்கு நம்பியது பிழையன்று. ஓர் உயிரைக் கொல்லுதற்கு நம்பியதே பிழை.

இனி, வழக்குரை காதையிலே தோன்றும் பாண்டியன் முன்னர்க் கண்டவனின் வேறுபட்டவன். தலைவிரி கோலத்துடன் வந்த தனிப்பெண்ணை உள்ளே விடுமாறு வாயிலோனைப் பணிக்கின்றான். அவள் கடுஞ்சொல்லைப் பொறுத்துக் கேட்கின்றான். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என முதலில் வாதிட்டவன், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூறியதும், நன்று கூறினாய் என ஏற்று, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்கின்றான். சிலம்பு கொணரப்பட்டு உடைக்கப்படுகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது. தானே கள்வன் என அரசன் தன்னைத் தீர்ப்பிட்டு உயிர் துறக்கின்றான். பிழையை மறைக்காது பிறர்மேல் ஏற்றாது தானே ஏற்ற இப்பண்பு போற்றத்தக்கது. திறனாய்வாளர் பலரும் இதனைப் போற்றியுள்ளனர்.

ஆயினும் இப்போற்றுதலோடு நின்றுவிடுதல் காப்பியத்தைப் பாதி கற்றதாகும். அவையிலே வழக்கைத் தீர்த்தது ஒரே வினாதான்: உள்ளே இருப்பது யாது? அவ்வினாவுக்குரிய விடை அரசனிடம் முன்னரே இருந்தது. தன் தேவியின் சிலம்பில் முத்தென்பதை அவன் அறிவான். அந்தப்புர வாயிலில் நின்று, சிலம்பையும் அவனையும் கொணருங்கள், பார்ப்போம் என்று கூறியிருப்பின் ஒரு நாழிகையில் உண்மை வெளிப்பட்டிருக்கும். பிழையை ஏற்றல் பெருமைதான். கோவலனை அது எழுப்பித் தரவில்லை, மதுரையையும் காக்கவில்லை. தவறின் பின் வருந்தும் தலைமையைக் காட்டிலும் தவறின் முன் வினவும் தலைமையே மக்களுக்குப் பயன் தருவது.

வஞ்சிக் காண்டத்திலே இளங்கோவடிகள் மற்றோர் அரசனைக் காட்டுதல் இதனோடு ஒப்பிடற்பாலது. கண்ணகியின் செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், பாண்டிமாதேவி, கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத்தக்கார் யாவர் எனத் தன் தேவியை வினவி, அவள் கருத்தை ஏற்கின்றான். வெற்றிக்குப் பின்னும் சினந்து நின்ற அவனை மாடலன் என்னும் மறையோன் அவையிலே இடித்துரைக்க, அதனையும் ஏற்றுப் போரை விடுத்து வேள்வியிற் புகுகின்றான். சிறைப்பட்ட மன்னரையும் விடுவிக்கின்றான். செங்குட்டுவனும் வெகுளி உடையவனே. இடித்துரைப்பவன் சொல் அவன் செவிக்கு எட்டிற்று என்பதே இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு. கண்ணகியின் விழாவில் இலங்கைக் கயவாகு வேந்தனும் இருந்தான் எனக் காப்பியம் கூறும். அவ்வழிபாடு இந்நாட்டில் வேரூன்றியபோது அதனோடு இவ்வரசியற் பாடமும் சேர்ந்தே வந்தது எனலாம்.

மட்டக்களப்பிலே குடிகளின் சார்பாகக் கோயிற் கருமங்களைப் பார்ப்பவர் வண்ணக்கர் எனப்படுவர். பழந்தமிழில் வண்ணக்கன் என்பது நாணயத்தை நோட்டம் பார்ப்பவனைக் குறித்த சொல். வடமவண்ணக்கன் தாமோதரனார் எனச் சங்கப் புலவர் பெயரிலும் அது காணப்படும். இச்சொல் இங்கு வந்த வரலாறு எவ்வாறாயினும், தலைவனைச் சோதிப்பவன் என்னும் பொருள்படும் பெயரால் ஒரு சமூகம் அழைத்து வருதல் கருதத்தக்கது. பொன்னைக் கையில் எடுத்து, உரைத்து, நிறுத்துப் பார்த்த பின்னரே நல்லதென்றும் போலியென்றும் கூறுதல் வண்ணக்கன் தொழில். மதுரையில் அரசவைக்குப் பொன்வேலை செய்தவன் இருந்தான். அவன் சொல்லை உரைத்துப் பார்க்கும் வண்ணக்கன் இல்லாது போயினான்.

பணியிடத் தலைமையைப் பயிலுவோர் பேச்சுத்திறனையும் விரைவையும் கற்கட்டும். அவற்றோடு வினவுதலையும் கற்றல் வேண்டும். கடைநிலை ஊழியனும் இவன் கள்வனல்லன் என்று மேலிடத்துக்கு வந்து சொல்லத்தக்க வாயிலைத் திறந்து வைத்தலையும் கற்றல் வேண்டும். அவ்வாயில் நெடுஞ்செழியன் அரண்மனையிலும் இருந்தது. கண்ணகி வந்தபின்னரே திறந்தது.