சுற்றறிக்கையும் வகுப்பறையும்

சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டியை ஒட்டியே காந்திகிராமம் அமைந்துள்ளது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய அது, தமிழகத்தில் ஆதாரக் கல்விக்குக் களமமைத்த இடங்களுள் ஒன்று. பின்தங்கிய பள்ளிகளை அரசே முன்னின்று சீர்செய்யும் முயற்சிகள் ஏன் பாதி வழியில் தளர்ந்துவிடுகின்றன என்று ஆராய்வோர் இங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

ஆதாரக் கல்விக்கு 1937இல் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர், ஜாமிஆ மில்லிய்யாவின் டாக்டர் ஜாகிர் ஹுசைன். கைத்தொழிலின் வழியே கணக்கும் மொழியும் பிறவும் கற்பிக்க வேண்டும் என்பதே திட்டம். நூற்றல் அங்கே கருவி, அதுவே கல்வியன்று. விடுதலைக்குப் பின் அரசுகள் இதனை ஏற்றன. ஆனால் அவற்றின் கைக்கு எளிதில் அகப்பட்டது தக்ளிதான். தக்ளிகளை எண்ணிவிடலாம், நூற்கும் சிறுவனின் உள்ளத்தில் கணக்கு விளங்கிற்றா என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? 1955இல் இந்திய அரசு அமைத்த மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமையேற்றவர் மேற்சொன்ன ராமச்சந்திரனே. நிர்வாகத்தினரிடம் தெளிவும் ஈடுபாடும் குறைந்திருந்ததை அக்குழு சுட்டிக்காட்டியது.

சின்னாளப்பட்டி போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தறியோசையிலேயே வளரும் பிள்ளைக்குப் பள்ளியிலும் நூலைக் கொடுத்தால், அதைத் தறியிலிருந்து விடுவிக்கவே பள்ளிக்கு அனுப்பிய தாய் என்ன நினைப்பாள்? 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னபோது, 'குலக்கல்வி' என்று எழுந்த எதிர்ப்பு அந்த நினைப்பின் வடிவமே. மறு ஆண்டே அது கைவிடப்பட்டது.

அதன்பின் வந்த காமராசர் ஆட்சி வேறு வழியில் சென்றது. 1956இல் மதிய உணவு. 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊராரே கட்டடமும் தளவாடமும் சீருடையும் தந்தனர். பள்ளியில் இல்லாததை அரசும் ஊரும் கொண்டுவந்து சேர்த்தன. இவ்வகைப் பணியில் அரசின் கை வலியது என்பதை மறுப்பதற்கில்லை. கற்பிக்கும் முறையை ஆணையாக்கும்போதுதான் அக்கை தடுமாறுகிறது.

செயல்வழிக் கற்றலைப் பாருங்கள். ரிஷி பள்ளத்தாக்கின் சிற்றூர்ப் பள்ளிகளில் பல்லாண்டு பக்குவப்பட்ட அம்முறை, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் நுழைந்தது. 2007இல் மாநிலமெங்கும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. குழந்தை தன் வேகத்தில் கற்கும் என்ற கருத்தில் குறையில்லை. அட்டைகள் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றை உருவாக்கிய ஆசிரியர்களின் அனுபவம் நான்காண்டில் சேருமா? தக்ளி இருந்த இடத்தில் அட்டை வந்தமர்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

கொரோனாவின் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரிக்கிறது. மாணவனின் தாங்குதிறனறிந்து, ஒரே பாடத்தை மும்முறை, படிப்படியாக ஆழப்படுத்திக் கற்பிக்க வேண்டும் என்று 'முகத்திமா'வில் எழுதிய இப்னு கல்தூன் இதனை மறுத்திருக்க மாட்டார். ஆயினும் அவர் கூறும் தாங்குதிறனை அளப்பது எதிரில் அமர்ந்த ஆசிரியரின் கண். இங்கோ அந்தக் கண் கைப்பேசிச் செயலியில் மதிப்பெண் பதிவேற்றுவதில் பாதி நேரம் செலவாகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் முறையீடு.

ஆசிரியரை அவர் போக்கில் விட்டுவிடுங்கள் என்று நாம் வாதிடவில்லை. வாராத ஆசிரியரையும் வாசிக்கத் தெரியாத ஐந்தாம் வகுப்பையும் நாமும் கண்டிருக்கிறோம். கேட்பது இவ்வளவே: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் அந்த அறைக்குள் எத்தனை புதிய முறைகளை அனுப்பினாலும், மூன்றாவது ஆசிரியரை அனுப்புவதற்கு அவை ஈடாகுமா? தக்ளிக்கும் அட்டைக்கும் செயலிக்கும் ஆணை பிறப்பித்த அரசுகள் இந்த எண்ணிக்கையைத் திருத்த ஏன் தயங்குகின்றன என்பதற்கு நிதிநிலை அறிக்கையில்தான் விடை தேட வேண்டும்.