எண்ணெய் தேடும் ஈஸ்ட்

தலையில் பொடுகு, முதுகில் தேமல், நாயின் காதில் நாற்றம். மூன்றிலும் கைவரிசை காட்டுவது மலசேசியா என்ற ஒரே ஈஸ்ட் பேரினம். பிரெஞ்சு அறிஞர் லூயி-ஷார்ல் மலசே 1874இல் பொடுகுச் செதிலில் இதைக் கண்டு விவரித்தார். 1889இல் அவர் பெயரே இதற்கு அமைந்தது. உறவுமுறை பார்த்தால் மக்காச்சோளத்தைக் கெடுக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சைக்கு இது தாயாதி. வயலை விட்டு நம் தோலுக்கு எப்படி வந்ததோ!

இதன் நயமெல்லாம் ஓர் இல்லாமையில் இருக்கிறது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு இதனிடம் இல்லை. அதனால்தான் எண்ணெய்ச் சுரப்பி மிகுந்த உச்சந்தலையிலும் நெஞ்சிலும் மேல்முதுகிலும் குடியிருக்கிறது; பருவ வயதில் நமக்கு எண்ணெய் வழியத் தொடங்கும்போது தானும் பெருகுகிறது. ஆய்வகத்தில் வளர்க்கவும் ஆலிவ் எண்ணெய் ஊற்ற வேண்டும். 1996இல் ஏழு இனங்களாக இதை வகுத்தபோது, எது எந்தக் கொழுப்பில் வளர்கிறது என்பதும் அடையாளமாயிற்று. ருசியை வைத்து இனம் பிரித்த அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தேமலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: குட்டை இழைகளுக்கு நடுவே உருண்டைக் கொத்துகள், சேமியாப் பாயசத்தில் ஜவ்வரிசி மிதப்பதுபோல். இந்தக் காட்சியே நோயைச் சொல்லிவிடும். வளர்த்துப் பார்க்கத் தேவையில்லை.

பாகிடெர்மாட்டிஸ் என்ற இனம் சற்றே தனிப்போக்கு. 1925இல் தோல் உரிந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றிலிருந்து விவரிக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் நாயின் காதிலும் பாத இடுக்கிலும் வாழ்கிறது. எண்ணெய் ஊற்றாமலே சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் வளர்ந்துவிடும். தன்னிறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஊடகத்தின் பெப்டோனில் ஒட்டியிருக்கும் துளிக் கொழுப்பே அதற்குப் போதும்.

பெரும்பாலும் தோலோடு நிற்கும் இந்த ஈஸ்ட், குறைமாதக் குழந்தைகளிடம் சில சமயம் எல்லை தாண்டுகிறது. நரம்புவழிக் குழாயில் கொழுப்புக் கரைசல் ஏற்றும்போது, தேடிய உணவு குழாயிலேயே கிடைக்க, ரத்தம்வரை போய்விடுகிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பாகிடெர்மாட்டிஸ் தொற்று பரவியதை 1998இல் ஓர் ஆய்வு விவரித்தது. ஊழியர்கள் வீட்டு நாய்களிடமிருந்து அவர்கள் கைவழியாக வந்திருக்கலாம் என்று தடயங்கள் காட்டின. கை கழுவுவதைக் கண்டிப்பாக்கியதும் தொற்று அந்தப் பிரிவை விட்டே போயிற்று.