கம்பி ஜன்னலும் கண்ணாடி யன்னலும்

“என்ன அக்கா, யன்னலுகள் எல்லாம் மறியல் வீடு மாதிரிக் கிடக்கு?”

போன சித்திரையில் எங்கள் மதுரைக் காளவாசல் வீட்டுக்கு வந்த சம்பந்தி, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். என் தங்கை மகளை யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு மறியல் என்றால் சாலை மறியல்தான். அவர்கள் பேச்சில் அது சிறை என்று தங்கை மகள் மறுநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வந்தவரிடம் முகம் சுளிக்கக் கூடாது. அன்று காபியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இப்போது எங்கள் வீட்டு ஜன்னல் வேலை முடிந்து கணக்கும் கையில் இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகையில் நானும் அங்கே போனேன். மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து ரயிலில் யாழ்ப்பாணம். பத்து நாள் தங்கினேன், ஏழு நாள் மழை. வீடு அழகு. சுற்றிலும் வளவு, அதில் மா, பலா, முருங்கை. வளவு என்ற சொல்லே என்னை நிறுத்தியது. செட்டிநாட்டில் வளவு வீட்டுக்கு நடுவே இருக்கும் முற்றம். அவர்களுக்கு வீட்டைச் சுற்றிய காணி. ஆசாரியை ஓடாவி என்கிறார்கள், கொத்தனாரை மேசன், சிமெண்டைச் சீமெந்து. “எவ்வளவு ஆச்சு?” என்று நாம் கேட்பதை “எவ்வளவு முடிஞ்சது?” என்று கேட்கிறார்கள். ஜன்னலும் யன்னலும் போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’விலிருந்து வந்தவை. சாளரம் என்ற நம் சொல்லை இரண்டு கரையும் ஏட்டில் வைத்துவிட்டோம்.

சம்பந்தி வீட்டில் மர யன்னல்களை எடுத்துவிட்டு, தள்ளித் திறக்கும் அலுமினியக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். 2021ல் போட்ட திட்டம். 2022 நெருக்கடியில் இலங்கை ரூபாய் சரிந்து, கணக்கு இரண்டு மடங்காகி வேலை பாதியில் நின்றதாம். பிறகு டொராண்டோவில் இருக்கும் மூத்த மகன் அனுப்பிய பணத்தில் முடித்திருக்கிறார்கள். அந்த நெருக்கடியிலும் வேலையைக் கைவிடாததை நான் மதிக்கிறேன். ஆனால் அனுப்ப ஆள் இருக்கும் வீட்டு பட்ஜெட் வேறு, மாதச் சம்பளத்தில் சீட்டுக் கட்டி ஜன்னல் மாற்றும் வீட்டு பட்ஜெட் வேறு. வரியில் மட்டும் இரண்டு நாடும் ஒன்று: இங்கே ஜன்னலுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அங்கே 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம்.

நாங்கள் முதலில் போட்ட கணக்கு இது. நாலடிக்கு நாலடி ஜன்னல் ஐந்து, மொத்தம் 80 சதுர அடி. கொசுவலையோடு தள்ளும் வகை யுபிவிசி பிளாஸ்டிக், சதுர அடி 700 ரூபாய் என்றார்கள். 56,000 ரூபாய், வரி 10,080. கடைக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: பழைய நிலையைப் பெயர்த்துச் சுவரைப் பூசிப் பெயிண்ட் அடிக்கும் செலவு. ஜன்னலுக்கு 4,000 வீதம் 20,000. ஆக 86,080 ரூபாய்.

முன்பணம் கொடுக்கப் போன அன்று எங்கள் ஆசாரி வந்து நிலையை உளியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தார். நாலு நிலை ‘டங்’கென்று கல்போல் ஒலித்தது. மேற்குப் பக்கத்து நிலை மட்டும் ‘பொத்’தென்றது, கரையான். “நாப்பது வருசத் தேக்கும்மா, இதைப் பேத்துட்டு பிளாஸ்டிக்கையா வைக்கப்போறீக?” என்றார். அந்தச் சொல்தான் எங்களைத் திருப்பியது. நாலைப் பழுதுபார்த்தோம். ஆறு நாள் கூலி 7,200, கீல், கொண்டி, துண்டு மரம், பெயிண்ட் 6,000, கொசுவலை 4,800. அரித்துப்போன ஒன்றுக்கு மட்டும் கதவுபோல முழுக்கத் திறக்கும் யுபிவிசி, வரியோடு 16,992. உடைத்துப் பூச 4,000. மொத்தம் 38,992 ரூபாய்.

பணம் மிஞ்சியதைவிடப் பெரிய விஷயம் காற்று. தள்ளும் ஜன்னலில் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். 2018ல் இந்திய அரசு கொண்டுவந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் திறக்கும் பரப்பு தரைப் பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது. பெரிய குடியிருப்புகளுக்கான விதிதான், அளவுகோல் எல்லோருக்கும் உதவும். எங்கள் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. 20 சதுர அடி திறக்க வேண்டும். அங்குள்ள இரண்டு மர ஜன்னலும் சேர்ந்து 32 சதுர அடி திறக்கின்றன. தள்ளும் வகை போட்டிருந்தால் 16தான்.

கம்பிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் தெரு. வளவும் வேலியும் காவல் நிற்கும் ஊர்க்காரருக்குக் கம்பி சிறையாகத் தெரியலாம். எங்களுக்குக் கம்பி இருப்பதால்தான் வைகாசி இரவிலும் ஜன்னலை விரியத் திறந்துபோட்டுத் தூங்க முடிகிறது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு கதவு. கீழே சாத்தினால் மறைப்பு, மேலே திறந்தால் காற்று. கோண்டாவில் வீட்டின் பழைய பகுதியில், சம்பந்தியின் அம்மா படுக்கும் அறையில், இதே கம்பி போட்ட மர யன்னல்தான் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டில் நான் நன்றாகத் தூங்கியது அந்த அறையில்தான்.

காற்றின் அருமை அவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இலங்கையின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களில் எங்கள் பக்கத்துக் கோச்சடையில் மதுரை கிளப்புக்குக் கட்டடம் வடிவமைத்தார். இன்று அது ஓட்டல் வளாகத்துக்குள் இருக்கிறது. வெளிக் காற்றை வீட்டுக்குள் அழைத்து வருவதே அவர் கலை. ஆனால் காளவாசல் என்றால் சூளை. சூளையின் பெயரில் குடியிருக்கும் நாங்கள் வெயிலோடு வாழத் தெரிந்தவர்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது எங்கள் அம்மா காலத்து வழக்கம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்துவிட வேண்டும். உள்ளே வந்தபின் திரை போட்டுப் பெரிதாகப் பயனில்லை.

ஜன்னல் மாற்ற நினைப்பவர்கள், மதுரையோ யாழ்ப்பாணமோ, சதுர அடி என்ன விலை என்று கேட்பதற்கு முன் எத்தனை சதுர அடி திறக்கும் என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் ஒரு நல்ல ஆசாரியை, ஓடாவியை, அழைத்து இருக்கிற நிலையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.