வாயிலும் கேட்போரும்: பல்கலைக்கழகத் தொடர்பியற் கல்வி பற்றி ஒரு திறனாய்வு

தொடர்பியல் என்னும் துறை நம் பல்கலைக்கழகங்களில் இன்று நன்கு வேரூன்றியுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இல் இதழியற் பயிற்சியைத் தொடங்கியது. தில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965-இல் அமைந்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. காட்சித் தொடர்பியல் இன்று கல்லூரிகள் பலவற்றில் பட்டப் பாடமாக உள்ளது. இவ்வளர்ச்சியை எவரும் குறை கூறார். ஆயின் இத்துறையிற் பயிலும் தமிழ் மாணவர் தம் மொழியைச் சான்றாகக் கொள்கின்றனரே அன்றி ஆராய்ச்சிக் கருவியாகக் கொள்கின்றிலர். தமிழ்த்துறை மாணவரோ கருவியைக் கையில் வைத்திருந்தும் அதனைக் கருவி என்று அறிந்திலர். இந்நிலையே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

தமிழ்த்துறைகளில் இதழ்களைப் பற்றி எழுந்த ஆய்வேடுகள் பல. அவற்றுட் பெரும்பாலன ஒரே வார்ப்பின. இதழின் தோற்றம், ஆசிரியர் வரலாறு, செய்தி வகை, மொழிநடை, விளம்பரம் என இயல்கள் அமையும். செய்திகளை எண்ணி அட்டவணையிடுவர். பிறமொழிச் சொற்களைத் திரட்டி அகர நிரலாக்குவர். எண்ணியபின் யாது கண்டனர் என வினவின், இதழ் மக்களுக்குத் தொண்டு செய்தது என்பதே விடையாக வரும். அவ்வுழைப்பை நாம் இகழவில்லை. பழைய இதழ்கள் செல்லரித்து மறையுமுன் அவற்றின் விவரம் ஏட்டில் ஏறுதலும் நன்றே. தொடர்பியல் துறைகளின் ஆய்வேடுகளோ வேறு வகைக் குறையுடையன. முதலியலில் மேலைநாட்டார் வகுத்த வரைபடம் ஒன்று நிற்கும். பின்னுள்ள இயல்களில் தமிழ்நாட்டுச் சான்றுகள் அதனுள் பெய்யப்படும். சான்று வரைபடத்துள் அடங்காவிடின் சான்றே வெட்டப்படும். வரைபடம் வெட்டுண்டதை நாம் கண்டதில்லை.

அவ்வரைபடங்களுள் இரண்டு பெரிதும் வழங்குவன. இரண்டும் 1948-இல் வெளிவந்தன. அமெரிக்க அரசியல் அறிஞர் லாசுவெல், உரைப்பவர் யார், உரைப்பது யாது, எதன் வாயிலாக, எவர்க்கு, என்ன விளைவுடன் என ஐந்து வினாக்களை அமைத்தார். பெல் ஆய்வுக்கூடத்துக் கணித அறிஞர் சானன், செய்தி கம்பிவழிச் செல்லுங்கால் அதனோடு கலக்கும் இரைச்சலைக் கணக்கிட்டார். தொல்காப்பியச் செய்யுளியலின் முதல் நூற்பாவைப் பயின்றோர்க்கு லாசுவெல்லின் வினாக்கள் புதியனவாகத் தோன்றா. செய்யுள் உறுப்பு முப்பத்து நான்கனுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என எட்டு உறுப்புக்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஆதலின் எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என முழங்குதல் எளிது. அம்முழக்கத்தால் விளையும் பயன் யாதுமில்லை. தொல்காப்பியர் செய்யுளுக்கு உறுப்புக் கூறினாரே அன்றிச் செய்தித்தாளுக்கு இலக்கணம் வகுத்திலர். இரண்டும் எங்கு வேறுபடுகின்றன என்று காண்பதே ஆராய்ச்சிக்கு உரியது.

வேறுபாடு வாயிலிடத்தே தெளிவாகப் புலப்படுகின்றது. சானன் கருதிய வாயில் ஒரு கம்பி போல்வது. அதற்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. கற்பியல் கூறும் வாயில்களோ மக்கள். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என அவர் பன்னிரு வகையினர். ஒவ்வொருவர்க்கும் ஒரு நிலையும் ஒரு சார்பும் உண்டு. பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவன் பொருட்டுப் பாணன் வந்து பேசுகின்றான். அவன் சொல் இனிது. எனினும் தலைவி அதனை ஏலாள். தோழியும் வாயில் மறுக்கின்றாள். வாயில் மறுத்தல் என ஒரு துறையே அமைந்துவிட்டது. செய்தியை மறுப்பது வேறு, செய்தி கொணர்ந்த வாயிலை மறுப்பது வேறு என்னும் நுட்பத்தை அகப்பாட்டிற் பயின்ற மாணவன் தானே உணர்வான். இன்று நாம் ‘இதழ் வாயிலாக’, ‘வானொலி வாயிலாக’ என எழுதுங்கால் அச்சொல்லில் நின்ற ஆள் மறைந்து உருபு மட்டுமே எஞ்சியுள்ளது. பிறிதொன்றும் கருதத்தக்கது. வாயில்கள் தம்முள் உசாவிக்கொள்ளுதல் உண்டென்றும், பரத்தையும் வாயிலும் தலைவியைச் சுட்டாது கூறுவன பயனில என்றும் செய்யுளியல் கூறும். ஒரு தொலைக்காட்சி மற்றொரு தொலைக்காட்சிக்கு விடையிறுத்துக்கொண்டிருக்கும் மாலைப்பொழுதுகளில் இவ்விதி நம் நினைவிற்கு வருவதுண்டு.

இவை ஏட்டளவில் நிற்பனவா என்பதை அண்மை நிகழ்ச்சி ஒன்றில் வைத்துக் காண்போம். 2021 திசம்பரில், திருப்பெரும்புதூரை அடுத்த பாக்சுகான் கைப்பேசி ஆலையிற் பணிபுரிந்த பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாயிற்று. நூற்றைம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். அவருட் சிலர் இறந்துபட்டனர் என்னும் செய்தி கைப்பேசிகளிற் பரவியது. அது பொய், எவரும் இறந்திலர். ஆயினும் 17-ஆம் நாள் இரவு தொடங்கிப் பெண்கள் பெருந்திரளாகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். மூடப்பட்ட ஆலை 2022 சனவரியிலேதான் மீண்டும் திறந்தது.

இப்பொய்ச் செய்தியை இரைச்சல் எனக் குறித்துவிட்டு மேற்செல்லும் ஆய்வேடு நிகழ்ச்சியின் உயிர்நிலையைத் தவறவிடும். எச்சம் என்பது கூற்றில் வெளிப்படாது நின்று, பின்னர்ச் சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் கொண்டு முடிப்பது. உடன் உறைந்தவள் மருத்துவமனை சென்றாள். அவள் நிலை யாது என்பது தெரியவில்லை. கூற்று அவ்வளவில் நிற்க, எஞ்சியதனை அச்சம் முடித்தது. இனி முன்னம். அகப்பாட்டைக் கற்பவன் முதற்கண் வினவுவது இது யார் கூற்று என்பதே. பெயர் சுட்டப்படாத பாட்டிலும் இடமும் மொழியும் நோக்கி, இதனை உரைத்தற்கு உரியார் யார், கேட்டற்கு உரியார் யார் என உய்த்துணர முன்னம் துணையாகின்றது. கைமாறிக் கைமாறி வரும் கைப்பேசிச் செய்தியோ முதலில் உரைத்தவரை வழியில் இழந்துவிடுகின்றது. இறுதியில் அதனை அனுப்புபவள் அறைத்தோழி. அவள்மேல் வைத்த நம்பிக்கை அச்செய்தியையும் சென்று சேர்கின்றது. பாணனை மறுத்த தலைவிக்கும் தோழியை மறுத்தல் அரிது.

கேட்போரை முன்வைத்து எழுந்த நூல் தமிழில் இல்லாமலில்லை. தினத்தந்தியை 1942-இல் மதுரையில் நிறுவிய சி. பா. ஆதித்தனாரின் ‘இதழாளர் கையேடு’ எளிய மக்கள் படித்தறியும் வண்ணம் செய்தி எழுதும் முறையைக் கூறும். அதன் நடைக்கொள்கையோடு புலவர் மாறுபடலாம். நாமும் சில இடங்களில் மாறுபடுகின்றோம். எனினும் கேட்போர் என்னும் உறுப்பை அந்நூல் மறந்திலது. அத்தகைய தொழில்நூலையும் செய்யுளியலின் பேராசிரியர் உரையையும் ஒரே தாளில் வைத்துப் பயிற்றும் முதுகலைப் பாடத்திட்டம் வேண்டும் என்பது நம் கருத்து. ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர் சென்று மக்கள் பேச்சைத் திரட்டும் பயிற்சியைத் தமிழ் மாணவர் தொடர்பியல் துறையினின்று பெறுதல் கூடும்.

தொல்காப்பியம் விடை தாராத இடமும் உண்டு. அகத்திணை மாந்தர் அனைவரும் ஒரு மொழியினர். ஒருவர் குறிப்பு மற்றவர்க்குப் புலனாகும். ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரி முதலிய ஊர்களைச் சூழ்ந்த ஆலைகளில் இன்று பணிபுரிவோருள் தென்மாவட்டத்தாரும் உளர். பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தாரும் உளர். களன் ஒன்று, கேட்போர் மொழி பல. கூலி பற்றிய சொல்லும் விடுமுறை பற்றிய சொல்லும் விபத்துப் பற்றிய சொல்லும் அவரிடம் எவ்வாயிலாகச் சென்று சேர்கின்றன? ஒப்பந்தக்காரரா, மளிகைக் கடைக்காரரா, இருமொழி அறிந்த உடன்தொழிலாளியா? அவருள் எவரை நம்புகின்றனர், எவரை வாயில் மறுக்கின்றனர்? ஓர் ஊரில் சில திங்கள் தங்கி இவற்றை வினவி எழுதும் மாணவனுக்குப் பன்னிரு வாயில்களின் பட்டியல் தொடக்கமாக அமையும்; பதின்மூன்றாவது வாயிலை அவனே கண்டு பெயரிடல் வேண்டும்.