ஊசியாட்டமும் கவிதையும்: பெந்தமின் கூற்று ஒன்றன் ஆராய்ச்சி

இலக்கியத்தின் பயனைப் பற்றி எழுதப் புகும் திறனாய்வாளர் பலரும் ஜெரமி பெந்தமின் கூற்றொன்றை எடுத்துக்காட்டி, அதனை இரண்டொரு தொடரில் மறுத்து மேற்செல்வது வழக்கமாயிற்று. இன்பத்தின் அளவு ஒத்திருக்குமாயின் ஊசியாட்டமும் கவிதையும் ஒரு தரத்தனவே என்பது அக்கூற்று. ஊசியாட்டமாவது, மேசைமேல் இட்ட ஊசியை விரலால் தள்ளி மாற்றான் ஊசியின்மேல் ஏறச்செய்து வெல்லும் ஆங்கிலச் சிறுவர் விளையாட்டு. கவிதையை இதனோடு நிறுத்தவர் கவிதையின் பகைவரே என முடிவு கட்டுதல் எளிது. மாணவர் கட்டுரைகளில் இம்முடிபை ஆண்டுதோறும் காண்கிறோம். எம்முடைய பழைய வகுப்புக் குறிப்புகளிலும் அது உண்டு. அக்கூற்று எங்கே, எதன்பொருட்டு, எவ்வடிவிற் கூறப்பட்டது என்று தேடிப் பார்த்தபின் அக்குறிப்புகளை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

பயன்வழிக் கொள்கை என்று இங்கு யாம் வழங்குவது, செயலையும் சட்டத்தையும் அவற்றால் மக்கட்கு விளையும் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்து மதிக்கும் நெறி. ‘பயன்’ என்ற சொல்லைக் கண்டதும் நன்னூலார் நூற்பயனாக வகுத்த நான்கையும் நினைப்பது தமிழ் மாணவர்க்கு இயல்பு. அந்நான்கனுள் இன்பமும் ஒன்று. பெந்தமுக்கோ இன்பம் ஒன்றே பயன். அறமும் பொருளும் அதற்குக் கருவிகள். சொல்லொப்புமை கண்டு மயங்குதல் கூடாது.

முதற்கண் பாடத்தைக் காண்போம். மேலே காட்டிய வடிவம் பெந்தமின் நூலில் இல்லை. அதனை உலகில் வழங்கச்செய்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1838-இல் பெந்தமைக் குறித்து வெளியிட்ட கட்டுரையில், அவர் தம் நூல்களுள் எங்கோ இவ்வாறு கூறியுள்ளார் என்று மில் எழுதினார். ‘எங்கோ’ என்பதே அவர் தந்த இடச்சுட்டு! எம் ஆய்வு மாணவர் ஒருவர் இங்ஙனம் எழுதிவரின் ஏட்டைத் திருப்பிக் கொடுத்திருப்போம். கருத்து உள்ள இடம், அரசு பரிசளித்தற்குரிய நெறியை ஆராய்வதாய் 1825-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல். அதுவும் பெந்தமின் கையினின்று நேரே வந்ததன்று. அவர்தம் கையெழுத்துப் படிகளைத் துய்மோன் என்பார் பிரெஞ்சு மொழியில் தொகுத்து 1811-இல் வெளியிட்டார். ஆங்கில நூல் அத்தொகுப்பின் வழியது. ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளோடு பழகிய நாம், இத்தகைய வரலாறுடைய ஒரு தொடரை எழுத்தெண்ணி மேற்கோள் காட்டுமுன் சிறிது தயங்கவேண்டாமா?

நூலிற் காணும் கருத்து இது: முன்முடிபுகளை ஒழித்துப் பார்ப்பின் ஊசியாட்டம் இசையோடும் கவிதையோடும் ஒத்த மதிப்புடையது, அது மிக்க இன்பம் தருமாயின் அவற்றினும் மேலானது, அதனை யாவரும் ஆடலாம், இவற்றையோ சிலரே சுவைப்பர். மில் தந்த சுருக்கத்தில் இறுதிப் பகுதி மறைந்துவிட்டது. அப்பகுதியே உயிர்நிலை என்பது எம் கருத்து. எக்கலைகளை அரசு பரிசளித்து வளர்க்கலாம் என்ற ஆராய்ச்சியின் நடுவே இது கூறப்படுகிறது. அரசின் பரிசு மக்களின் வரிப்பணம். ஆகவே பெந்தம் எழுப்பும் வினா, கவிதை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதன்று. பலர் ஈட்டிய பொருளைச் சிலர் சுவைக்கும் கலைக்குச் செலவிட யாது நியாயம் என்பதே. இவ்வாறு படிக்கும்போது அக்கூற்றிலுள்ள ஏளனம் குறைந்து, வலிமை மிகுகிறது.

பெந்தம் கலையறியாதவர் என்பதும் பொருந்தாது. இளமையில் வயலின் பயின்றவர். வீட்டில் இசைக்கருவி வைத்து வாசித்தவர். மில்டன் வாழ்ந்த வீடு அவருக்கே உடைமையாயிருந்தது. திறனாய்வாளர் ஹாஸ்லிட் அதிற் குடியிருந்தார். 1789-இல் வெளியிட்ட நூலில் இன்பத்தை அளத்தற்கு வன்மை, நீட்சி, உறுதி, அண்மை, வளம், தூய்மை, பரப்பு என ஏழு கூறுகளைக் காட்டிய பெந்தம், அவை நினைவில் நிற்றற்பொருட்டு யாத்த செய்யுளடிகளையும் பின்னர் அடிக்குறிப்பிற் சேர்த்தார். செய்யுளின் பயன் ஒன்றையேனும் அவர் ஒப்புக்கொண்டார் போலும்.

அவர் வழுவியது வேறோரிடத்தில். கவிதைக்கும் உண்மைக்கும் இயற்கைப் பகை உண்டு, பொய்யின்றிக் கவிஞர்க்குத் தொழில் நடவாது என்றார். கற்பனையாவது பொய்ச்சான்று என்ற வழக்குமன்ற நோக்கே இது. சட்டத்தில் மலிந்த பொய்ப்புனைவுகளைக் களைய வாழ்நாள் முழுதும் போராடியவர், புனைவு என்ற பெயரைக் கண்டவிடமெல்லாம் அதே கோடரியை ஓங்கினார். டிக்கன்ஸ் 1854-இல் வெளியிட்ட ‘ஹார்ட் டைம்ஸ்’ புதினத்தின் கிராட்கிரைண்ட், இக்குறையையே மிகைப்படுத்திய உருவம். அவரைப் பெந்தமாகவே கொள்ளுதல் தவறு; வரிகொடுப்போர் பற்றிய வினா அப்புதினத்தில் எழவே இல்லை.

மில் இக்கொள்கையின் மடியில் வளர்ந்தவர். மூன்றாம் வயதிற் கிரேக்கம் தொடங்கித் தந்தை ஜேம்ஸ் மில்லிடமே முழுக்கல்வியும் பெற்றார். 1826-இல், தாம் விரும்பிய சீர்திருத்தமெல்லாம் இந்நொடியே நிறைவேறினும் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே வினவிக்கொண்டார். ‘இல்லை’ என்ற விடை வந்தது. திங்கள் பல உளச்சோர்விற் கிடந்தார். மார்மொந்தேல் தம் தந்தையின் இறப்பைக் கூறும் பகுதியைப் படித்தபோது கண்ணீர் வந்தது. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவர்க்கு மருந்தாயின. 1873-இல் அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த தன்வரலாற்றின் இப்பகுதியைப் பயன்வழிக் கொள்கைக்கு எழுந்த மறுப்புகள் அனைத்தினும் சிறந்ததாக யாம் மதிக்கிறோம். கொள்கையை விட்டு ஓடாதவர் அதன் குறையைத் தம் உடம்பிலேயே கண்டு எழுதியது அது.

அப்பட்டறிவைக் கோட்பாடாக்க மில் முயன்றது 1861-இல். இன்பங்கள் அளவானன்றித் தரத்தாலும் வேறுபடும். இரண்டனையும் நுகர்ந்தறிந்தோர் எதனை விரும்புவரோ அதுவே உயர்ந்தது என்றார். இஃது இலக்கியவாணர்க்கு இனிக்கும் விடை. ஆயினும் இரு தடைகள் உள. நடுவராய் அமர்ந்த நம்முள் ஊசியாட்டத்தை உளங்கலந்து ஆடியவர் எத்தனை பேர்? ஒரு பக்கமே அறிந்தவர் தீர்ப்புக்கு உரியரல்லர் என்பது மில் வகுத்த விதியேயன்றோ. மற்றொன்று இதனினும் பெரிது. கவிதையின்பம் உயர்ந்ததென நிறுவினும், அதனைத் துய்க்காதவன் அதற்கு ஏன் பொருள் தரவேண்டும் என்ற பழைய வினா நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இவ்வினா நம் நாட்டில் ஏட்டளவில் நின்றதன்று. கிழக்கிந்தியக் கும்பினியின் 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், இலக்கிய வளர்ச்சிக்கும் அறிவியற் கல்விக்கும் ஆண்டுக்கு ஓரிலட்சம் ரூபாய் ஒதுக்கியது. கும்பினியின் இலண்டன் அலுவலகத்திற் பணிபுரிந்த ஜேம்ஸ் மில், 1824-இல் வரைந்த மடலில், அப்பணம் வடமொழி, அரபுக் கல்விக்குச் செல்வதைப் பயன் என்னும் அளவுகோல் கொண்டே குறைகூறினார். இந்திய மொழி ஒன்றும் அறியாமலும் இந்நாட்டிற்கு வாராமலும் 1817-இல் இந்திய வரலாறு எழுதியவர் அவர். 1835-இல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. அதே அலுவலகத்தில் 1823 முதற் பணியாற்றிய மகன், 1836-இல் அம்முடிபை எதிர்த்து மடல் வரைந்தார். பழைய கல்வியிற் புலமை பெற்றவர் அழிந்தால் புதிய அறிவை நாட்டுமொழிகளிற் கொண்டு சேர்ப்பார் இல்லாதொழிவர் என்பது அவர் வாதத்தின் போக்கு. மேலிடத்தில் ஹாப்ஹவுஸ் அதனை ஏற்கவில்லை. மடல் அனுப்பப்படாமலே நின்றது. தந்தையும் மகனும் ஒரே அளவுகோலை ஏந்தி எதிரெதிர் முடிபுக்கு வந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. தந்தை, பயன் இன்று எத்தனை பேர்க்கு என எண்ணினார். மகன், அது நாளை யார்வழி யாரைச் சென்றடையும் என்று நோக்கினார். தமிழ் போன்ற மொழிகட்கு நேரே பொருள் தருவது பற்றி இருவருமே மிகுதியும் கவலைப்படவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

மகனின் நோக்கிலேதான் பெந்தமுக்கு விடை கிடைக்கக்கூடும். கவிதையைச் சுவைப்போர் சிலரே என்பதைப் பெந்தம் இயற்கையின் ஏற்பாடாகக் கொண்டார். அஃது இயற்கையன்று, பள்ளியின்மையும் ஓய்வின்மையும் செய்த ஏற்பாடு. உயர்ந்த உணர்வுகட்குரிய ஆற்றல், வாய்ப்பும் பயிற்சியும் இன்மையால் இளமையிலேயே கருகிவிடுவதை மில்லும் 1861-ஆம் ஆண்டுக் கட்டுரையிற் குறிப்பிட்டுள்ளார். சுவைப்போர் தொகையைப் பெருக்குவதற்கே பொருள் கேட்கிறோம் என்றால் பெந்தமின் கணக்கிலும் அது செல்லும்.

ஆனால் இவ்விடை நம் கழுத்திலும் ஒரு கட்டு இடுகிறது. இத்துறையும், இவ்வாராய்ச்சி இதழும், எம் ஊதியமும் பொதுப்பணத்தால் நடப்பவை. அப்பணத்தில் ஒரு கூறு, இவ்விதழின் ஒரு பக்கத்தையும் படித்தறியாத உழவன் தீப்பெட்டி வாங்கும்போது கொடுத்த வரி. அவனுக்கும் அவன் மக்கட்கும் சென்று சேராத ஆராய்ச்சியை, உயர்ந்த இன்பம் என்ற சொல்லால் மட்டும் காத்துநிற்க இயலாது. எம் குறிப்புகளில் இப்போது பெந்தமின் கூற்று முழுமையாக உள்ளது. அதன்கீழ் மறுப்பு எழுதுவதற்கென விட்ட இடத்திற் பாதி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.