தியாகராய நகர் இறுதிப் பேருரை: அருளுரையாளர் நோக்கில் ஒரு திறனாய்வு

1973 டிசம்பர் 19ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் தந்தை பெரியார் ஆற்றிய உரையே அவரது இறுதி உரையாயிற்று. அப்போது அவருக்கு வயது 94. ஐந்து நாட்களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர் மறைந்தார். பின்னர் நூலாக அச்சேறிய அவ்வுரையை இறையியல் மாணவர் கற்பது நன்று. கடவுளை மறுத்தவரிடம் நற்செய்திப் பணியாளர் கற்றுக்கொள்ள என்ன உண்டு என்னும் வினா எழலாம். உண்டு என்பதே நம் கருத்து.

முதலாவது, உரையின் ஒருமைப்பாடு. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1970இல் சட்டத்திருத்தம் கொணர்ந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றதாயினும், ஆகமங்கள் குறிக்கும் பிரிவினரே அர்ச்சகராகலாம் என்ற தடை நீங்கவில்லை. கருவறையில் இடமில்லாதவன் பிறப்பால் இழிந்தவன் என்பது இதனால் நிலைபெறுகிறது என்பதே பெரியாரின் வாதம். உரை நெடிது, கூறியது கூறலும் உண்டு. எனினும் எப்பக்கம் திரும்பினாலும் இவ்விழிவு நீங்கவேண்டும் என்னும் ஒரே பாரத்திற்கே அவர் மீளுகின்றார். நம் அருளுரைகளிலோ மூன்று தலைப்புகளும் முறையாக அமைந்திருக்க, பாரம் மட்டும் காணப்படுவதில்லை.

இரண்டாவது, மொழிநடை. அக்காலத் திராவிட இயக்க மேடைகளில் அடுக்குமொழியும் எதுகை மோனையும் கோலோச்சின. பெரியாரோ பேச்சு வழக்கிலேயே பேசினார். இஃது ஆயத்தமின்மை அன்று. 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கியது முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு எழுதியும் வாதிட்டும் வந்ததே அவரது ஆயத்தம். தாம் சொல்வதாலேயே நம்பாமல், கேட்போர் தம் அறிவால் ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பதும் அவரது வழக்கம். சபையோரை இவ்வாறு மதிக்கும் அருளுரை நம்மிடையே அரிது.

குறையும் உண்டு. பிறர் போற்றுவனவற்றை இகழும் அவரது கடுஞ்சொற்கள் நமக்கு ஆகா. இழிவைச் சுட்டும் உரை, மன்னிப்புக்கும் ஒப்புரவுக்கும் வழி திறத்தல் வேண்டும். அவ்வழியை அவரிடம் நாம் எதிர்பார்த்தற்கில்லை.

மூன்றாவது, மேடை. பேசுவதற்கு வாய்ப்புக் கிட்டுவதில்லை என்று இளம் போதகர் முறையிடுவதுண்டு. பவுலடிகளார் அத்தேனே நகரில் அரியோபாகு மன்றத்தின் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. அவர் நாள்தோறும் சந்தைவெளியில் உரையாடினார். மன்றம் பின்னரே அவரை அழைத்தது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனெரிமார் தெருவிலும் சந்தையிலும் நின்று பிரசங்கித்தனர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பணியாற்றி, திருமறை மொழிபெயர்ப்பில் பெர்சிவல் ஐயருக்குத் துணைபுரிந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். தமிழ் மேடைப்பேச்சின் வேர்கள் அப்பிரசங்க மரபில் உள்ளன என்று அமெரிக்க மானிடவியலறிஞர் பெர்னார்ட் பேட் 2021இல் வெளிவந்த தம் நூலில் காட்டுகின்றார். நாம் தொடங்கிய மரபைப் பிறர் வளர்த்தனர். நாமோ சுவர்களுக்குள் ஒதுங்கினோம்.

அச்சுவர்களுக்குள்ளும் பேசவேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. சாதி வேற்றுமை திருச்சபையினின்று அறவே நீங்கவேண்டுமென ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுமடல் விடுத்தார். இன்றும் திருமணப் பேச்சிலும், திருச்சபைத் தேர்தலிலும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் அது நீங்கியபாடில்லை. கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டோருக்காக ஒரு முதியவர் தம் இறுதி நாட்களிலும் தெருமேடையில் நின்றார். திருவிருந்துப் பந்தியில் அனைவரும் ஒன்றென அறிக்கையிடும் நாம் அதனை உரைக்கத் தயங்குவது எங்ஙனம் தகும்?

ஆகவே, வரும் ஞாயிறு அருளுரைக்கு ஆயத்தம் செய்யும் மாணவர், விளக்கவுரை நூலைத் திறக்குமுன் ஒரு வினாவை எழுதிக்கொள்வாராக: என் சபையில் இவ்வாரம் இழிவைச் சுமப்பவர் யார்? அவரை இல்லம் சென்று கண்டபின் தலைப்புகளை வகுப்பாராக.